ஊசி வேண்டாத அண்ணன்

காலை ஐந்தரை மணிக்கு நடிகர் தேவமாறன் என் தம்பியை எழுப்புவார்.

"ஏல ராஜா, எந்திரில மக்கா. உப்பு மூட்டை கெணக்கா கெடக்க? கைவில்லையப் பாத்தேன். நூத்திநாலு! நீ சிங்கம்லா!"

தேவமாறன் தூத்துக்குடிப் பக்கம் வந்ததே கிடையாது. 'ஏல' என்று ஒருத்தனைக் கூப்பிட அவருக்கு நாக்கு வளையாது. அவர் தன் முகத்தையும் குரலையும் 'சுகவழி' கம்பெனிக்கு விற்றுவிட்டார். அந்த முகத்தை வைத்து எந்திரம் பேசுகிறது. எங்களிடம் எங்கள் பேச்சு, கோயம்புத்தூர்க்காரனிடம் அவன் பேச்சு. ஒரே விடியலில் பத்து லட்சம் வீட்டில் பத்து லட்சம் தேவமாறன், ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லி எழுப்புகிறார். கையில் ஒட்டிய வில்லை வேர்வையிலிருந்து சர்க்கரையை அளந்து போனுக்குச் சொல்லும். போன் அவருக்குச் சொல்லும். அவர் நமக்குப் புத்தி சொல்லுவார்.

எனக்கும் வருவார். என்னைச் சிங்கம் என்று சொன்னதில்லை.

"பேச்சியக்கா, நேத்து என்ன சாப்பிட்டிய? மறைக்காம சொல்லுங்க. ஒழுக்கம் இல்லாத எடத்துலதான் சர்க்கரை ஏறும், கேட்டியளா?"

என் பெயர் முத்துப்பேச்சி. உப்பளத்தில் கூலி. எனக்கு இந்த வியாதி ஒன்பது வயதில் வந்தது. அந்த வயதில் நான் என்ன ஒழுக்கத்தை விட்டேன் என்று அந்த முகத்திடம் ஒரு தடவை கேட்டேன். "நல்ல கேள்விக்கா" என்றது. அப்புறம் பாகற்காய் ஜூஸ் பற்றிப் பேசியது. அரை நிமிஷ விளம்பரம். அதை முழுசாகக் கேட்டால்தான் அந்த மாத இன்சுலினுக்கு மருந்து வாங்குகிற மஞ்சள் அட்டையில் பச்சை விழும். அரசாங்கம் மருந்து கொடுக்கிற வேலையை அந்தக் கம்பெனியிடம் ஒப்படைத்து மூன்று வருஷம் ஆகிறது.

என் தம்பி இசக்கிராஜாவுக்கு இருபத்துநாலு வயது. பங்குனியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவன் பாத்திக்குள்ளேயே விழுந்தான். அதற்கு முந்தின ஒரு மாதத்தில் பனைமரம் மாதிரி இருந்த பயல் ஓலையாக மெலிந்திருந்தான். வெயில் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பார்த்ததும் சொல்லிவிட்டார்கள், அக்காவுக்கு வந்ததேதான் தம்பிக்கும்.

ஒரு நாளைக்கு முப்பது யூனிட் இன்சுலினில் ஆரம்பித்தான். மூன்றாவது வாரம் பதினாறு. அடுத்து ஆறு. நாற்பதாவது நாள் ஊசியே இல்லாமல் சர்க்கரை நூற்றிப்பத்தில் நின்றது. அன்றைக்குப் போனுக்குள் தேவமாறன் மேளம் அடித்தார். தம்பி என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

"இருவத்திமூணு வருசமா குத்திக்கிட்டே இருக்கியேக்கா. நான் நாப்பது நாள்ல விட்டுட்டேன் பாத்தியா?"

"விட்டது நீ இல்லல. அது கொஞ்ச நாளு நம்மள விட்டுருக்கு. உள்ள இன்சுலின் சுரக்கிற எடம் சாகறதுக்கு முன்னால ஒரு தடவ எந்திரிச்சு உக்காரும். சாவக் கெடக்கவன் கடைசியா எந்திரிச்சுக் கஞ்சி கேப்பாம்லா, அது மாதிரி. டாக்டர்மாரு அதுக்குத் தேன்நிலவுன்னு பேரு வச்சிருக்காவ."

"தேன்நிலவா?" அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கல்யாணமே ஆவல, அதுக்குள்ளயா?"

"சிரிக்காதல. எனக்கும் வந்துது. அப்பா சர்க்கரைக்குப் பொடி விக்கிற ஒருத்தன்கிட்ட கூட்டிட்டுப் போனாவ. பொடி தின்ன நாள்லதான் அந்தத் தேன்நிலவும் வந்துருக்கு. பொடியால தீந்துட்டுன்னு ஊசிய நிறுத்திட்டாவ. மூணாவது மாசம் எனக்கு நெனவு இல்ல. என்னத் தூக்கிட்டு ஓடும்போதும் அந்தப் பொடிக்காரன் கடைச் செவுத்துல என் போட்டா தொங்கிச்சு, பூரண குணம்னு."

"பொடிக்காரனும் தேவமாறன் அண்ணனும் ஒண்ணா?"

"பொடிக்காரன் ஒரு ஊருக்குத்தான் பொய் சொன்னான்."

 அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஒன்னப் பொண்ணு பாக்க மூணு பேரு வந்தாவ. ஊசின்னதும் காப்பியக் கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாவ. எனக்கும் அப்பிடி ஆவணுமா?"

 அவன் ஆசைப்பட்டது பெரிய ஆசை இல்லை. ஒரு பெண்ணைக் கட்டி, பிள்ளை பெற்று, சட்டைப்பையில் ஊசி இல்லாமல் இருப்பது. அந்த ஆசையைத்தான் அந்த முகம் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது.

சுகவழியில் தொண்ணூறு நாள் கணக்கு. தொண்ணூறு நாளும் போனில் சர்க்கரைக் கோடு சமமாக ஓடினால் 'விடுதலை விழா'. மேடையில் மஞ்சள் அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும். சால்வை போடுவார்கள், போட்டா எடுப்பார்கள், அட்டையை ரத்து செய்துவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பெயருக்கு எந்த அரசாங்கக் கவுண்டரிலும் இன்சுலின் வராது. தீர்ந்துபோன வியாதிக்கு மருந்து எதற்கு?

எழுபதாவது நாள் சுகவழியிலிருந்து ஷர்மிளா என்று ஒரு பெண் அளத்துக்கு வந்தாள். வெள்ளைச் செருப்பு. வரப்பில் நடக்கத் தெரியாமல் இரண்டு தடவை சேற்றில் கால் விட்டாள். ராஜாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். தேவமாறனே நேரில் வருகிறாராம். தூத்துக்குடி மண்டபத்தில், அவர் கையால் சால்வையாம்.

நான் உப்பு வாருகிற பலகையைக் கீழே போட்டுவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"எம்மா, அவனுக்கு வந்துருக்கது டைப் ஒன்னு. ஒங்க ஃபாரத்துல அது இருக்கா?"

"ஃபார்ம்ல சர்க்கரைன்னு ஒரே கட்டம்தாங்க இருக்கு."

"ஊர்ல சர்க்கரைக்காரவிய நூத்துல தொண்ணூத்தெட்டு பேருக்கு உள்ளது வேற. அவியளுக்கு இன்சுலின் ஒடம்புல இருக்கும், வேலைதான் ஒழுங்காச் செய்யாது. நடந்தா, சோத்தக் கொறச்சா, கொறையும். ஒங்க நடிகர் சொல்லது அவியளுக்குச் சரி. எங்களுக்கு அந்தத் தண்ணியே கெடையாது. கெணத்துல தண்ணி இல்லாதவன்கிட்டப் போயி, சிக்கனமா எறைன்னு சொன்னா எப்பிடி?"

அவள் கையிலிருந்த பலகைக் கணினியைப் பார்த்தாள். "உங்க தம்பி கோடு ரொம்ப அழகா இருக்குங்க. பாருங்க."

"அளத்துல ஒரு நாள் உப்புச் சொமந்து பாரு. ஒனக்கும் கோடு அழகா இருக்கும். சொமை தூக்குனாச் சர்க்கரை எறங்கத்தான் செய்யும். அத வியாதி போச்சுன்னு எழுதுவியா?"

"நான் சொல்லிப் பாத்தேங்க. டைப் ஒன்னுக்குத் தனியா ஒரு கட்டம் வைக்கலாம்னு மீட்டிங்லயே சொன்னேன். நூத்துல ரெண்டு பேர்தான் வர்றாங்க, ரெண்டு பேருக்காகச் சார் குரல்ல தனி வசனம் எழுத முடியாதுன்னுட்டாங்க."

"அந்த ரெண்டு பேரு செத்தா?"

அவள் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தர் செத்துட்டார்னு இந்தக் கணினில எழுதிப் பாத்தேங்க. செத்தவங்க பேரு பட்டியல்ல இருந்து தானா போயிடும். தோத்தவங்கன்னு கணக்குல வராது." உடனே பயந்துபோனாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கக்கா. எங்க அப்பாவுக்கும் சர்க்கரைதான். இந்த வேலைலதான் வீடு ஓடுது."

வெயிலில் சிவந்திருந்த அவள் முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை. "தண்ணி குடிச்சுட்டுப் போ" என்றேன்.

அன்றிலிருந்து நான் தினமும் ராஜாவின் போனைப் பிடுங்கிக் கோட்டைப் பார்த்தேன். ஏறும், ஏறும் என்று காத்திருந்தேன். எழுபத்திரண்டாம் நாள், எழுபத்தைந்தாம் நாள், எண்பதாம் நாள். கோடு ஏறவில்லை. சர்க்கரை தொண்ணூற்றைந்து, நூற்றி ஒன்று, தொண்ணூற்றெட்டு. உப்புப் பாத்தியில் காற்றடிக்காத நாளில் தண்ணீர் நிற்குமே, அப்படி நின்றது.

இருபத்துமூன்று வருஷமாக இந்த வியாதியோடு படுத்து எழுந்தவள் நான். மண்சட்டியில் ஈரத்துணி சுற்றி மருந்தைக் காப்பாற்றி, வாந்தியைப் பார்த்தே சர்க்கரை எவ்வளவு என்று சொல்லுகிறவள். அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கே மனசு ஆடியது. ஒருவேளை இவனுக்கு வேறு வகையோ? ஒருவேளை நான்தான் பொறாமையில் பேசுகிறேனோ? எண்பத்தைந்தாவது நாள், "சரில, போயி சால்வைய வாங்கிக்க" என்று என் வாயாலேயே சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவன் மறுபடி மெலிந்துகொண்டு வந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கேட்டால், "நடக்கேம்லா, ஒடம்பு எறுகுது" என்பான். குடத்துத் தண்ணீர் காலியாவதும், வீட்டிலும் அவன் முழுக்கைச் சட்டையைக் கழற்றாததும் தெரிந்தது. போனில் வந்த எண்ணைத்தான் நம்பினேன். பக்கத்தில் மூச்சு விடுகிறவனை நம்பவில்லை.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்திரம் வரும் வரும் என்றார்கள், வரவில்லை, மனுஷன்தான் மலிவு. மனுஷனை எண்ணுவதற்கு மட்டும் எந்திரம் வந்தது. மணிக்கட்டில் ஒரு பட்டை. எத்தனை நடை நடந்தோம், எவ்வளவு நேரம் குனிந்தோம், எல்லாம் கங்காணியின் போனில் தெரியும். யாராவது காய்ச்சலில் படுத்தால், சாவு வீட்டுக்குப் போனால், அவர் பட்டையைப் பக்கத்து ஆள் தன் கையில் சேர்த்துக் கட்டிக்கொள்ளும். இரண்டு பட்டை, ஒரு கை. கங்காணிக்கும் தெரியும். அதை நாங்கள் யாரும் தப்பாக நினைத்ததில்லை. ராஜா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் பட்டையைப் பதினொரு நாள் நான்தான் கட்டியிருந்தேன்.

விழா அன்று காலையில் ராஜா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கிளம்பிப் போனான். நான் அரை நாள் வேலை பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னேன். பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தோம். ராஜாவின் கூட்டாளி அந்தோணி கை கழுவ முழுக்கைச் சட்டையைச் சுருட்டினான். மேல்கையில் வில்லை ஒட்டியிருந்தது.

"ஒனக்கு எப்பம்ல சர்க்கரை வந்துது?"

"எனக்கா? எனக்கு எங்க வருது, பட்டினிதான் வருது" என்று சிரித்தான். "இது ராஜாவுதுக்கா. இருவது நாளா என் கையிலதான் கெடக்கு. 'என் கையில சும்மா ஏறிக்கிட்டே இருக்கு, விழா வரைக்கும் நீ ஒட்டிக்க'ன்னான். பட்டை மாத்திக் கட்டுதோம்லா, அது மாதிரிதான? அவனுக்குச் சேத்து நாந்தான் நடக்கேன். ஆனா சிங்கம்ங்கது அவன!"

 "ஏல மூதேவி, அது சம்பளம்ல. இது உசுருல" என்று கத்தினேன். அந்தோணி முகம் செத்துப்போனது. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. கூலியைக் காப்பாற்ற எண்ணை ஏமாற்றலாம் என்றுதான் எங்களுக்குப் பழக்கம்.

அவன் சைக்கிளிலேயே என்னை மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

மண்டபத்தில் குளிர் எந்திரம் ஓடியது. முன் வரிசையில் ராஜா இருந்தான். காலடியில் நாலு தண்ணீர் பாட்டில், நாலும் காலி. மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான், மலை ஏறுகிறவன் மாதிரி. பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவன் வாயிலிருந்து அந்த வாடை வந்தது. அழுகின பழமும், நகச்சாயம் அழிக்கிற தண்ணியும் கலந்த வாடை. ரத்தம் அமிலமாகிவிட்டால் வருவது.

"எந்திரில. ஆஸ்பத்திரிக்குப் போவோம். வில்லை எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"அஞ்சே நிமிசம்க்கா. பேரு கூப்பிடப் போறாவ." கண் சரியாக நிற்கவில்லை. "இந்த ஒரு தடவ."

"சாவுறதுக்கு அஞ்சு நிமிசம் கேக்கியால நீ?"

அதற்குள் மைக்கில் அவன் பேர் வந்துவிட்டது. உப்பளத்துச் சிங்கம் இசக்கிராஜா. கைதட்டல். அவன் என் கையை உதறிவிட்டு ஏறினான். நான் பின்னாலேயே ஏறினேன். தடுத்தவனிடம், "கூடப்பிறந்தவ" என்றேன். குடும்பத்தோடு போட்டா நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்ல, விட்டுவிட்டார்கள்.

தேவமாறன் சால்வையோடு நின்றார். நிஜ ஆள். போனில் தெரிவதைவிடக் குட்டை. முகத்தில் பூச்சு கனமாக இருந்தது. ராஜா மஞ்சள் அட்டையை நீட்டினான். அதைப் பிடுங்குவதற்காக இரண்டு பேருக்கும் நடுவில் கையை விட்டேன். எட்டவில்லை. பக்கத்தில் நின்ற ஷர்மிளா ஏந்திய தட்டில் அட்டை விழுந்துவிட்டது. கேமராவுக்காக எல்லோரும் நெருங்கி நின்றோம். அப்போது இடது பக்கத்திலிருந்து ராஜாவின் வாடை வந்தது. வலது பக்கத்திலிருந்தும் அதே வாடை வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். தேவமாறன் சிரித்துக்கொண்டே மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

அவர் காதுப் பக்கம் போய்ச் சொன்னேன்: "ஊசி போட்டு எத்தன நாளாச்சு?"

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. திருட்டு பிடிபட்டவன் பார்வை இல்லை அது. தண்ணீரில் மூழ்குகிறவன் பார்வை.

முதலில் ராஜா விழுந்தான். அவனைத் தூக்கி இறக்குவதற்குள், நாற்காலியைத் தேடிக் கை நீட்டிய தேவமாறனும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கிட்ட இருந்தது அரசாங்க ஆஸ்பத்திரிதான். அவசர வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ராஜாவின் கட்டிலில் அவன் பேர். அடுத்த கட்டிலில் கிடந்த தேவமாறனுக்கு 'குமரேசன், 41' என்று எழுதியிருந்தது. அவரைச் சென்னைக்குக் கொண்டுபோக வந்தவர்களிடம் டாக்டர், அமிலம் குறையாமல் ஆளை அசைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். சுற்றித் திரை இழுத்தார்கள். அந்த வார்டு நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர் என்னிடம், "வெளிய மூச்சு விட்றாதம்மா, எங்க வேலை போயிரும்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் ராஜா தூங்கினான். சொட்டு இன்சுலின் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி ஆள் போன் பேச வெளியே போயிருந்தான். திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. கரகரத்த, ஊர் தெரியாத குரல்.

"காதுல வந்து கேட்டவங்க நீங்கதானே? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

திரையை விலக்கினேன். "மூக்கு இருக்கு. எத்தன வருசமா?"

"மூணு. முதல் வருஷம் ஊசியே தேவைப்படல. நடந்தேன், சோறு குறைச்சேன், சரியாயிடுச்சுன்னு நிஜமாவே நம்பினேன். அப்பதான் கையெழுத்துப் போட்டேன். ரெண்டாவது வருஷம் திரும்பி வந்துடுச்சு."

"வந்தப்பறம்?"

"ஊசியோட என்னை எவனும் பாத்துடக் கூடாதுன்னு ஒப்பந்தம். பாத்ரூம்ல போட்டுக்குவேன். இந்தத் தடவை மூணு நாளா கூடவே கேமரா. நாளைக்குப் போட்டுக்கலாம், நாளைக்குப் போட்டுக்கலாம்னு..."

"மூணு நாளு." ராஜாவின் கட்டிலைக் காட்டினேன். "மூணு நாளைக்கே ஒனக்கு இந்தக் கதி. அம்பது நாளு ஊசி இல்லாம இருந்தாம்ல என் தம்பி! நீ கக்கூசுல கதவச் சாத்திக்கிட்டுக் குத்திக்குவ. அவனப் பாத்து ஊசி கேவலம்ப. ஒழுக்கம் இல்லாதவளுக்குத்தான் சர்க்கரைன்னு தெனமும் என் வீட்டுக்குள்ள வந்து என்னச் சொல்லுவ."

"அது நான் சொல்லல. அந்த வசனமெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. மெஷின் பேசறது."

"மூஞ்சி யாருது?"

அவர் தன் முகத்தைத் தடவிக்கொண்டார். "வித்துட்டேன்" என்றார்.

"அப்பம் வித்த வாயாலயே சொல்லு. நீ ஊசி போடுதன்னு சொல்லு. இப்பமே சொல்லு, நான் படம் புடிக்கேன். ஒன்ன மாதிரி, எங்கள மாதிரி எத்தன பேரு இன்னைக்கு எந்த மேடையில அட்டையக் குடுக்காவளோ."

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. தலையணையில் சாய்ந்தபடி, பூச்சு கலைந்த முகத்தோடு, கையிலிருந்த ஊசிக் குழாயைக் காட்டிப் பேசினார். "நான் தேவமாறன். எனக்கு டைப் ஒன் சர்க்கரை. நான் தினமும் இன்சுலின் போடுறேன். போடாம விட்டதாலதான் இங்க கிடக்கிறேன். உங்களுக்கும் அதே வகைன்னா, என் முகம் சொல்றதைக் கேட்டு ஊசியை நிறுத்தாதீங்க." முக்கால் நிமிஷம். என் போனிலிருந்து இணையத்தில் போட்டேன். தன்னுடைய போனை அவர் கொடுக்கவில்லை, அது கம்பெனியுடையதாம்.

ஏழு நிமிஷம்தான் இருந்தது. அப்புறம் படம் இருந்த இடத்தில் நாலு வரி வந்தது. அவரிடமே காட்டினேன். அவரே வாசித்தார்.

"'அனுமதியில்லாத போலி உருவம். தேவமாறனின் முகமும் குரலும் சுகவழிக்கு உரியவை. பதிவிலுள்ள அசலோடு ஒப்பிட்டதில் இது பொருந்தவில்லை. மறுபடி முயன்றால் உங்கள் மருந்து அட்டை நிறுத்தப்படும்.'"

வாசித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலானது. அந்த நேரத்திலேயே வார்டில் இருந்த நாலைந்து போன்களில் தேவமாறன் வந்து, "லேசா வெயிலுதான், வேற ஒண்ணுமில்ல. ஒங்க அண்ணன் கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். துணைக்கு வந்த ஒரு பெண், "எப்பா, நல்லா இருக்காவ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆறடி தள்ளிக் கிடந்த ஆளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்கு முன்னால் ராஜா முழித்தான். ஜெசிந்தா சிஸ்டர் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, "இனிமே நீதான் போட்டுக்கணும் தம்பி. சாப்பாட்டுக்கு முன்னால, தெனமும், ஆயுசுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் என்னுடைய ஊசிப்பேனாவை எடுத்து நீட்டினேன். அவனுக்கு இனி அட்டை கிடையாது. என் ஒருத்திக்கு வருகிற மருந்தில்தான் இரண்டு பேரும் ஓட்டியாக வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் அவன் குத்த வேண்டும்.

அவன் வாங்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் சொல்லுதாவ, இது ஒரு நாள் சறுக்கல்தானாம். சிங்கமும் சறுக்குமாம். மறுபடி ஒண்ணுல இருந்து தொடங்கலாமாம்."

"ஒங்க அண்ணன் இந்தா கெடக்காரு. அவர்கிட்டயே கேளு."

ராஜா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். எண்ணெய் வடிந்த முகம், இரண்டு நாள் தாடி, குழி விழுந்த கண். "இவரா? போக்கா. இவரு கொஞ்சம் சாடைல இருக்காரு. நம்ம பேச்சே இவருக்கு வரலியே. அண்ணனுக்கு என்னையத் தெரியும். இவருக்கு என்னையத் தெரியுமா?"

குமரேசன் என்கிற தேவமாறன் வாயைத் திறந்து மூடினார். அவருக்கு என் தம்பி பேர் தெரியாது. மேடையில் சீட்டைப் பார்த்துத்தான் பேரைச் சொன்னார்.

எனக்கு இரண்டு பேரையும் செவிட்டில் அறைய வேண்டும் போல் இருந்தது. அறையவில்லை. "சரில. ஒன் போன்ல உள்ள அண்ணன்கிட்டயே ஒண்ணு கேளு. ஊசி குத்துனா எப்பிடி இருக்கும்னு கேளு" என்றேன்.

அவன் கேட்டான். பயல் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. "அண்ணே, ஆயுசுக்கும்ங்காவ. தெனமும் குத்துனா வலிக்குமாண்ணே?"

போன் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "அது எனக்கு எப்பிடில தெரியும்? எனக்குத்தான் ஊசியே வேண்டாம்லா! ஒனக்கும் வேண்டாம் மக்கா. நீ யாரு? சிங்கம்!"

"வலிக்கும்பா" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

சட்டையைத் தூக்கினார். வயிற்றில் புள்ளி புள்ளியாக ஊசித் தழும்பு, நடுவில் இரண்டு இடத்தில் தடித்துப்போன கட்டி. "இங்கயே குத்திக் குத்தி இப்படி ஆயிடுச்சு. அவசரத்துல, இருட்டுல போடறது, இடம் மாத்தலை. நீ மாத்தி மாத்திப் போடு. கிள்ளிப் பிடிச்சுக்கிட்டா கொஞ்சம் பரவாயில்ல. பழகிடும்பாங்க. நான் போட ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாச்சு, பழகல."

ராஜா அந்த வயிற்றையே பார்த்தான். எழுந்து உட்கார்ந்து, கொஞ்சம் சாய்ந்து, இன்னும் கிட்டப் பார்த்தான். என் கையை இழுத்து வைத்து, என் கையிலுள்ள தழும்பையும் பார்த்தான், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. போன் அவன் மடியில் பேசிக்கொண்டே இருந்தது. அவன் அதை அணைக்கவில்லை. தலையணைக்குக் கீழே தள்ளினான்.

"எங்கனக்கா குத்தணும்?"

"தொப்புளுக்கு நாலு விரக்கட தள்ளி."

நான் ஊசிப்பேனாவில் யூனிட் எண்ணைத் திருகி வைத்துக் கொடுத்தேன். அவன் தோலைக் கிள்ளிப் பிடித்தான். இரண்டு தடவை பேனாவைக் கிட்டக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தான். எண்பது கிலோ மூட்டையைத் தூக்கி எறிகிற கை. கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். பத்து எண்ணி எடுத்தான்.

"ஆமா, வலிக்கி" என்றான், அந்த ஆளைப் பார்த்து.

அண்ணே என்று கூப்பிடவில்லை.